தீயணைப்புத் தலைவர் தீ வைக்கிறார்

காய்ந்த தைலமர இலை ஒன்றைக் காதோரம் வைத்து ஒடிக்கிறார் கிளெம் ரோடா. படக்கென்று சத்தம் வந்தால் முகம் சுளிக்கும். மெத்தென்று மடங்கினால் இன்னும் சுளிக்கும். முதலாவது, தீ வைத்தால் கைமீறிப் போகும். இரண்டாவது, தீயே பிடிக்காது. இரண்டுக்கும் நடுவிலான ஒரு முனகலுக்காகத்தான் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் மாண்புமிகு தலைவர் கோடை முடிய வேண்டிய மார்ச்சிலிருந்து காத்திருக்கிறார்.

ஆடு வளர்ப்பது அவருக்குத் தொழில். தீ அணைப்பது சேவை. தீ வைப்பதுதான் கலை. கோடையில் பெருந்தீ வந்து ஊரை விழுங்காமலிருக்க, குளிர்ந்த நாளாகப் பார்த்துப் புதரை நாமே கொஞ்சம் எரித்துவிட வேண்டும். முன்பு அதற்கு நாட்கள் தாராளமாகக் கிடைத்தன. இப்போது கோடை எழுந்து போக மறுக்கிறது. போன கையோடு மழை கொட்டுகிறது.

"முன்னல்லாம் தீ விருந்தாளி மாதிரி வரும், இருக்கும், போயிடும். இப்போ வீட்டோட மாப்பிள்ளை ஆயிடுச்சு," என்பார். "கலிபோர்னியாக்காரன் அங்க அணைச்சு முடிச்சுட்டு தண்ணி கொட்டுற விமானத்த நமக்கு இரவல் குடுப்பான். இப்போ அவனுக்கு முடியறதுக்குள்ள நமக்கு ஆரம்பிச்சிடுது."

உலகத்தின் மேல் அவருக்குள்ள கோபத்தில் பெரும்பங்கு ஒரு பறவைக்குப் போகிறது. கறுப்புக் கொண்டைக்கிளி. சவுக்குக் காயைத் தவிர வேறெதையும் தின்னாத வீம்பு பிடித்தது.

"என் ஆடு பசிச்சா தார்ப்பாயைக்கூடத் திங்கும். இதுக்கு மெனு கார்டுல ஒரே ஐட்டம்!"

சில ஆண்டுகளுக்கு முன் வந்த பெருந்தீயில் தீவின் சவுக்குத் தோப்புகள் பலவும் போய்விட்டன. மிஞ்சியவற்றில் ஒன்று எங்கள் ஊருக்கு மேலுள்ள சரிவில் நிற்கிறது. இந்த ஆண்டு கிளெம் எரித்தாக வேண்டிய சரிவும் அதுவே. விட்டால் அடுத்த கோடையில் தோப்பும் போகும், ஊரும் போகும்.

முனகல் கேட்ட காலையில், எல்வா பாஸ்கோ அவர் வண்டியை மறித்து நின்றார். ஓய்வுபெற்ற தபால்காரி. முட்டை திருடும் பிராணிகள் ஏறாதபடி அந்தக் கிளியின் கூடுள்ள மரங்களுக்குத் தகரப்பட்டை கட்டுவது அவருடைய சம்பளமில்லாத உத்தியோகம்.

"கிளெம், பெரிய தைலமரப் பொந்துல குஞ்சு இருக்கு. இன்னும் கண்ணே திறக்கல."

"பொரிக்கறதுக்கு அதுக்கு வேற மாசமே கிடைக்கலையா?"

"அதுங்க மாசம் மாறல. உன் நாளுதான் சுருங்கிப்போச்சு."

"தள்ளிப்போட்டா மழை வந்துடும். கோடையில முதல்ல எரியப்போறது உன் வீடுதான் தாயே, தெரியுமில்ல?"

"தெரியும்," என்றார் எல்வா. நகரவில்லை.

கிளெம் தமக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை வரிசை மாறாமல் சொல்லி முடித்தார். பிறகு சருகுவாரியை எடுத்தார். மதியம்வரை படை முழுவதும் அந்த ஒரு மரத்தைச் சுற்றி, சில சவுக்குகளையும் உள்ளே சேர்த்து, மண் தெரியச் சருகு வாரியது.

"கேப்டன், கம்பளமும் விரிச்சிடலாமா?" என்றான் படையிலிருந்த ரெக்.

"வாய மூடிட்டு வாருடா. உன் கல்யாணத்துக்குக்கூட நான் துடைப்பம் எடுத்ததில்ல."

மதியத்துக்குப் பிறகு பற்றவைத்தார்கள். கணுக்கால் உயரத் தீ காற்றை எதிர்த்துச் சரிவில் ஊர்ந்து இறங்கியது. மரத்தைத் தொடவில்லை. ஊருக்கு நேர் மேலே இருந்த பகுதியை முதலில் எரிக்கச் சொன்னார் தலைவர். வாரியதில் போன நேரத்துக்கு ஈடாக மேற்குக் கோடி எரியாமல் நின்றுவிட்டது. அதன் கீழேதான் அவருடைய சொந்த ஆட்டுக்கொட்டகை இருக்கிறது.

ஆனால் புகை கலையாமல் தங்கி நின்றது. தாய்ப்பறவை குஞ்சை அணைத்துக்கொண்டு பொந்துக்குள் இருக்கும். அந்தியில் ஆண் பறவை வந்துதான் ஊட்ட வேண்டும். புகைக்குப் பயந்து அது வராவிட்டால் வாரியதெல்லாம் வீண். படை மதுக்கடைக்குப் புறப்பட்டது. கிளெம், கங்குகளைக் கண்காணிக்கப்போவதாக அறிவித்துவிட்டு, கங்கே இல்லாத பக்கம் பார்த்து ஒரு கட்டையில் உட்கார்ந்தார். நானும் எல்வாவும் பின்னால் நின்றோம்.

வெளிச்சம் மங்கும்போது புகையிலிருந்து கறுப்பாக ஒன்று பிரிந்து வந்தது. வாலில் சிவப்புப் பட்டை. பொந்துக்கு எதிர்க்கிளையில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தது. பொந்தின் வாயில் ஒரு தலை மெல்ல எட்டிப் பார்த்தது.

"கேப்டன்! எங்க தொலைஞ்சீங்க? பியர் சூடாகுது!" என்று கிளெமின் இடுப்பிலிருந்த ரேடியோ அலறியது.

கிளெம் அதைப் பிடுங்கிக் கட்டையின் மேல் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.