காய்ச்சல் ரத்தத்துக்குக் காவல்

ஊரில் காய்ச்சல் வந்தவர்களின் ரத்தத்தை, காய்ச்சல் விட்டுப்போன பிறகும் வருஷக்கணக்கில் உறைய வைத்துக் காப்பதுதான் என் தொழிலாக இருந்தது. பெங்களூரில் ஒரு பரிசோதனைக் கூடம். அதன் கடைசி அறையில் பீரோ உயரத்துக்கு ஒரு ஃப்ரீசர். அதற்குள் ஆயிரத்துச் சொச்சம் சின்னக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய சீரம், அதாவது ரத்தத்தின் சிவப்பு கீழே தங்கிய பிறகு மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீர். என்றைக்காவது புதுக் காய்ச்சல் ஊருக்குள் நுழைந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று ஏற்பாடு. பழைய டப்பா, ரப்பர் பேண்டு, கல்யாணப் பத்திரிகை என்று எதையும் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்துக்கொண்டு வீட்டில் திட்டு வாங்குகிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

மைனஸ் எழுபது

ஈஜிபுராவில் சித்தாள் வேலை பார்க்கும் தனம் டெங்குவோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். மிச்சத்தை எடுத்து வைக்கலாமா என்று கேட்டுக் கைநாட்டும் வாங்கியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து, "காய்ச்சல்தான் வுட்டுப்போச்சே, என் ரத்தத்த இன்னா பண்ணீங்க?" என்று வந்து நின்றாள். அதை வைத்து ஏதோ மாந்திரீகம் செய்கிறோம் என்று தெருவில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். வருங்காலக் காய்ச்சல், ஒப்பீடு என்று நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. கண்ணால் பார்க்காமல் நகர மாட்டேன் என்றாள்.

கையுறை மாட்டிக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்தேன். வெள்ளைப் புகை குபுகுபுவென்று அவள் முகத்தில் அடித்தது. அவள் எண் எழுதிய குழாயைக் காட்டி, உள்ளே மைனஸ் எழுபது டிகிரி, பகலும் இரவும் இப்படியேதான் இருக்கும் என்றேன். தனத்தின் பயம் போய் முகத்தில் பொறாமை வந்தது. "எங்க வூட்ல ஒரு ஃபேன்கூட கெடையாது மேடம். என் ரத்தம் மட்டும் இன்னாத்துக்கு ஐஸ்ல சொகமா குந்திகினு கீது?"

வராத விருந்தாளி

எங்கள் நிர்வாக அதிகாரி மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். கோபம் வந்தால் கன்னடம் கலக்கும். ஒருநாள் கடைசி அறைக்கு வந்தவர் ஃப்ரீசரைச் சுற்றி வந்து, "இதிலிருந்து கடைசியா யார், எப்ப எடுத்தாங்க?" என்று கேட்டார். யாரும் எடுத்ததில்லை. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தசரா முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்து அறையைக் காலி செய்ய வேண்டும், ஜெராக்ஸ் மெஷினுக்கு இடம் வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

அந்தக் குழாய்களில் சில, பிறகு வீடு திரும்பாதவர்களுடையவை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "புதுசா ஒரு காய்ச்சல் வந்தா என்ன சார் பண்றது?" என்று மட்டும் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வராத விருந்தாளிக்கு சும்னே எதுக்கம்மா எல போட்டு வைக்கிறது?"

ஃப்ரீசருக்கு லீவு

அவர் சொன்ன கெடுவுக்கு முன்பே எல்லாம் தீர்ந்திருக்கும். ஆயுத பூஜைக்கு எங்கள் அட்டெண்டர் முனிராஜு அல்சூரிலிருந்து சாமந்தி மாலை வாங்கி வந்து, மைக்ராஸ்கோப் முதல் பேப்பர் பஞ்ச் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். பூசணிக்காய் உடைத்தாயிற்று, பொரி, கடலை வாங்கிக் கொண்டாயிற்று. ஜோகுபாளையத்துக்கு பஸ் பிடிக்கலாம் என்று கைப்பையை எடுக்கக் கடைசி அறைக்குப் போனேன். அங்கே எப்போதும் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் இருக்கும். அன்று இல்லை.

ஃப்ரீசர் பொட்டும் மாலையுமாக மணப்பெண் போல நின்றது. பிளக் தரையில் கிடந்தது. மின்சாரம் போனால் அலறும் மணிக்கு பேட்டரி கேட்டு நான் எழுதிய கடிதம் அதிகாரியின் மேஜையில் மூன்று மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கதவில் குளிரைக் காட்டும் எண் மைனஸ் ஐம்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது. பிளக்கைச் செருகி, எழுபது வரும்வரை அந்தக் கதவின் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கதவை யாரும் திறக்காததால் குழாய்கள் பிழைத்தன. முனிராஜுவைப் பிடித்துக் கத்தினேன். மனுஷர் துளியும் கலங்கவில்லை. "வருஷம் பூரா நிக்காம ஓடுது மேடம். ஒருநாள் அதுக்கும் லீவு வேணாமா?"

மூன்று பிரதி

தசரா முடிந்தது. எதை அழித்தாலும் எண், தேதி, பகுதி எல்லாம் போட்டு மூன்று பிரதிகளில் பட்டியல் தர வேண்டும் என்பது விதி. சுற்றறிக்கை விட்டவரே நம் அதிகாரிதான். விதியை மீறலாமா? நாளுக்கு ஐந்து குழாய் வீதம் எழுத ஆரம்பித்தேன். கார்பன் பேப்பர் தெளிவாக விழாது என்று மூன்றையும் கையால் எழுதினேன். அடித்தல் வந்தால் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பொங்கல் போய் உகாதியும் போயிற்று. ஜெராக்ஸ் மெஷின் நடையில் பிளாஸ்டிக் உறையோடு தவம் கிடந்தது. அதிகாரி ஒருநாள் என் மேஜையை எட்டிப் பார்த்தார். "வசந்தா, நீங்க எழுதறது லிஸ்டா, ராமகோடியா?"

கிட்டுக்குப் பரீட்சை

அறுநூறாவது குழாயை எழுதிக்கொண்டிருந்தபோது ஊருக்குள் சிக்குன்குனியா வந்தது. தெருவே கோணிக்கொண்டு நடந்தது. அவசரமாக ஒரு புதுப் பரிசோதனை கிட் வந்து இறங்கியது. கிட் உண்மை பேசுகிறதா என்று எப்படித் தெரியும்? இந்தக் காய்ச்சல் ஊருக்குள் வருவதற்கு முன்பே எடுத்த ரத்தத்தில் அது 'இல்லை' என்று சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ரத்தம் யாரிடம் இருக்கிறது என்று எங்கள் டாக்டர் கேட்க, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு கர்வமாக நான் ஒரு கதவைத் திறந்ததில்லை. இருபது பழைய குழாய்களில் பதினான்குக்கு அந்த கிட் 'உண்டு' என்றது. தனத்தின் டெங்கு ரத்தத்துக்கும் அதே பதில். புளுகு மூட்டை என்று பெட்டியோடு திருப்பி அனுப்பினோம். அடுத்து வந்த கிட் இருபதுக்கும் 'இல்லை' என்று சொல்லித் தேறியது.

அந்த வாரம் வரிசையில் தனமும் வந்து நின்றாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. உன் பழைய ரத்தம்தான் பொய்க் கிட்டைப் பிடித்துக் கொடுத்தது என்றேன். "நானு எழுந்து நிக்க முடியாம கீறேன், அது மட்டும் டூட்டிக்குப் போவுதா?" என்றாள். அவளுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தவர் நம் அதிகாரி. ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டார். மிச்சத்தை எடுத்து வைக்கலாமா என்று படிவத்தை நீட்டினேன். விரல் மடங்காமல், பேனாவை முஷ்டியில் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். நான் எழுதிய அறுநூறு குழாய்ப் பட்டியலையும் மூன்று பிரதிகளோடு வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது கதவருகில் நின்று, குரலைத் தாழ்த்தினார். "என்னோடத நல்ல தட்டா பார்த்து வைம்மா. பேட்டரிக்கு இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். ஆயுத பூஜைக்கு மட்டும் முனிராஜுவ அந்தப் பக்கம் விடாதே."

விருந்தாளி வராதவரை இலை எதற்கு என்று கேட்கிறவர்தான், வந்த அன்றைக்கு முதல் பந்தியில் இடம் பிடிக்கிறார்.