கடை முதலாளிக்குத்தான் சைப்ரஸ்

வெளிநாட்டு டூர் என்று யாராவது வாயெடுத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். கடலும் மணலும் அப்புறம்தான் நினைவுக்கு வரும். தொண்ணூறுகளில் எங்களுக்கு அவிநாசியில் பம்புசெட் கடை இருந்தது. 'எங்களுக்கு' என்பது பழக்கதோஷம். கடை என் பெயரில் இருந்தது. என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியர். அரசுச் சம்பளம் வாங்குகிறவர் வியாபாரம் செய்யக்கூடாது என்பதால் லைசென்ஸ், வரி, பேங்க் கணக்கு எல்லாவற்றிலும் என் பெயரைப் போட்டுவைத்திருந்தார். அன்றைக்கு எங்கள் பக்கம் பாதி வாத்தியார் வீடுகளில் இதுதான் ஏற்பாடு.

பேருக்குத்தான் நான் முதலாளியம்மா என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். பேருக்கா? காலையில் ஷட்டரைத் தூக்குவது நான். கிணறு எவ்வளவு ஆழம், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று விவசாயியிடம் கேட்டு, எந்த மோட்டார் இழுக்கும் என்று சொல்வது நான். அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கல்லாவில் உட்கார்ந்து, செக்கில் என் பெயரைக் கையெழுத்தாகப் போடுவார். எனக்கு வேலை மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் மோட்டார் கம்பெனி நன்றாக விற்ற டீலர்களை சைப்ரஸுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னது. மத்தியதரைக் கடலில் ஒரு தீவு. முதலாளியும் கூட ஒருவரும் வரலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை நான் பார்த்த ஒரே கடல் ராமேஸ்வரம். அதையும் மாமியாரின் துணிமூட்டைக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

அவர் செய்தியைக் கேட்டதும் சொன்னார்: "நானும் தம்பியும் போயிட்டு வாரோம் அம்மிணி. நீயும் வந்துட்டா கடைய ஆரு பாக்கறது?"

விற்றது நான், ஊர் சுற்றுவது அண்ணனும் தம்பியும்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிக்கெட் விஷயமாக அவர் கோயமுத்தூர் போனபோது நானும் கூடக் கிளம்பினேன்.

கம்பெனி சொன்ன டிராவல்ஸ்காரர் தீவுக்கு விசா வாங்க என்னென்ன வேண்டும் என்று விளக்கினார். பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், ஓட்டல் பதிவு, பேங்க் கடிதம். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், டிக்கெட் கடை முதலாளி பேர்ல. மேடம்தான் போகணுங்க. கூட வேணா நீங்க போலாம். ஆனா நீங்க கவர்மென்ட்டுங்களா, பாஸ்போர்ட்டுக்கே உங்க டிபார்ட்மென்ட்ல ஆட்சேபணை இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கணுங்க. எதுக்குப் போறீங்கன்னும் எழுதணும்" என்றார்.

எதற்கு என்று எழுதுவது? மனைவி பெயரில் கடை இருப்பதை அவர் துறைக்குச் சொன்னதே இல்லை. மனிதருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் அவ்வளவு குளிர்ச்சி.

திரும்பும் பஸ்ஸில் ஆரம்பித்தார். "ஆரும் போக வேண்டாம். டூருக்குப் பதிலா கம்பெனில ஸ்கூட்டர் தருவாங்க, வாங்கிப்போட்டரலாம்."

"நான் போறேனுங்க."

"ஒத்தப் பொம்பளயாவா?"

"மத்த டீலருங்க சம்சாரமெல்லாம் வாராங்க. சைப்ரஸ்காரன் என்னைத் தூக்கிட்டுப் போயி அவன் தோட்டத்து மோட்டாரையா ரிப்பேர் பண்ணச் சொல்லப்போறான்?"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன்.

பாஸ்போர்ட் வந்தது. அதில் என் கையெழுத்தைத் தமிழில் போட்டிருந்தேன். மிச்சமிருந்தது பேங்க் கடிதம்தான். பாஸ்போர்ட்டில் உள்ள கையெழுத்தைச் சரிபார்த்து பேங்கில் சீல் வைத்துத் தர வேண்டும். மேனேஜர் ஊருக்குப் புதியவர். கணக்கு ஆரம்பித்தபோது கொடுத்த மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்து இல்லீங்களேம்மா."

அட்டையில் என் போட்டோ இருந்தது. அதன் கீழே என் பெயர் இங்கிலீஷில், வால் நீட்டிச் சுழித்து, என் வீட்டுக்காரர் எழுத்தில் இருந்தது. கணக்கு ஆரம்பிக்கிற அன்றைக்கே மனிதர் என் வேலையை முடித்துவிட்டிருக்கிறார்.

"இந்தப் பேர்ல உங்க ஊட்ல வேற ஆராச்சும் இருக்காங்களாம்மா?" என்று மேனேஜர் கேட்டார். திருடியைக் கேட்கிற மாதிரி இருந்தது. என் கணக்கில், என் பணத்தின் முன்னால், நான் யார் என்று எனக்கே சாட்சி தேவைப்பட்டது. என்ன கேவலம்!

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "இதுக்கா இத்தனை அலும்பு? நான் போடற மாதிரி நாலு வாட்டி எழுதிப் பழகிக்க. பாஸ்போர்ட்டை அதே மாதிரி மாத்தி வாங்கிரலாம். டூரு அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

என் பெயரை எழுத நான் இவரிடம் பழக வேண்டுமாம்! எந்தப் பொம்பளையால் இதைக் கேட்டுக்கொண்டு சோறு போட முடியும்? அன்றைக்கு நான் போடவில்லை.

விடிந்ததும் பேங்குக்குப் போனேன். "கையெழுத்தை மாத்தறேனுங்க. இனிமே தமிழ்ல போடறதுதான் செல்லும்" என்றேன்.

"பழைய கையெழுத்துல செக் வந்தா?"

"திருப்பி அனுப்பிருங்க."

மேனேஜர் பேனாவை என் பக்கம் நீட்டினார். என் போட்டோவோடு முகத்தை ஒத்துப் பார்த்து, புது அட்டையை வாங்கிக்கொண்டு, கடிதத்தில் சீல் வைத்தார். விசாவும் வந்துவிட்டது.

நான் கிளம்புவதற்குள், என் வீட்டுக்காரர் தன் தம்பிக்குக் கொடுத்திருந்த செக் திரும்பிவிட்டது. சோமனூரில் தறி வாங்க அண்ணன் கொடுத்த செக். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கத்தினார்.

"எம் மானத்தையே வாங்கிப்போட்டயேடி! தம்பி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

நான் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி ஓய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"செரி அம்மிணி. நீ சைப்ரஸ் போ. நானே வந்து ஏத்தியுடறேன். போறதுக்கு முன்னால பேங்க்ல மட்டும் பழையபடி மாத்திக் குடுத்துட்டுப் போயிரு."

இவ்வளவு நாள் நான் ஏங்கிய ஒரு வார்த்தை, 'போ' என்பது. அதைச் சொல்ல அவருக்கு ஒரு செக் திரும்ப வேண்டியிருந்தது. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"மாத்த மாட்டேனுங்க."

"நீ ஊர்ல இல்லாதப்ப கம்பெனிக்குச் செக்கு ஆரு போடுவாங்க?"

"ஆரும் போட வேண்டாமுங்க. பள்ளிக்கூடம் உட்டு வந்து நீங்க மோட்டார் வித்து வைங்க. கையெழுத்து நான் வந்து போட்டுக்கறேன்."

செக் புத்தகத்தைச் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன்.