போத்தலுக்குள் முளைத்த நெல்

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணிக்குப் பொழுது போகவில்லை. மழை மாதத்தில் பங்களாவை விட்டு இறங்க முடியாது. இறங்கினாலும் போக இடமில்லை. அதனால் கண்ணாடிப் போத்தலுக்குள் குளம் கட்ட ஆரம்பித்தாள். சீமையிலிருந்து வந்த புத்தகம் ஒன்றில் அதற்கு வழி எழுதியிருந்ததாம். மிட்டாய் போட்டு வைக்கிற வாய் அகன்ற பெரிய போத்தல்கள் இரண்டு பதுளைக் கடையிலிருந்து வந்து சேர்ந்தன.

நான் அந்தப் பங்களாவுக்குப் போனது போத்தல் கழுவ அல்ல, துரைசாணியின் பெண் குழந்தைக்குப் பால் கொடுக்க. அவளுக்குப் பால் வற்றிவிட்டது. எனக்குப் பால் இருந்தது, குடிக்கப் பிள்ளை இல்லை. என் மகன் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நேரத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அந்த வாரமே கங்காணி என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். அழுது முடிக்கக்கூட விடவில்லை.

எங்களில் பல் முளைக்காத பிள்ளையை எல்லாரும் போகிற சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து, ஆண்கள் மட்டும் போய்க் கரையில் புதைத்துவிட்டு வருவார்கள். மேலே நவதானியம் தூவிப் பால் ஊற்றுவார்கள். கல் நட மாட்டார்கள். எந்த இடம் என்று தாய்க்குச் சொல்லவும் மாட்டார்கள். தாய் கேட்கவும் கூடாது. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்திருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

புத்தகத்தின்படி போத்தலின் அடியில் மண் வேண்டும். செடி வேர் பிடிக்கிற கறுப்பு மண்ணாக இருக்க வேண்டும். பங்களாத் தோட்டக்காரர் எல்ல என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்தவர். எங்கள் லயத்து நல்லது கெட்டது எதுவும் அவருக்குத் தெரியாது. ஓடைப் பக்கம் போய் ஒரு கூடை மண் கொண்டுவந்தார். மழையில் நனைந்து சேறாக இருந்தது. துரைசாணி மூக்கைச் சுளித்துத் தள்ளி நின்றாள். நான்தான் அள்ளி அள்ளி ஒரு போத்தலின் அடியில் போட்டு உள்ளங்கையால் அமுக்கினேன். அதன் மேல் கழுவின மணல். மணல் மேல் ஒரு வாழை இலைத் துண்டு, இலை மேல் மெல்ல மெல்லத் தண்ணீர். அவசரப்பட்டு ஊற்றினால் சேறு கிளம்பி எல்லாம் பாழ். பிறகு இலையை எடுத்துவிட்டு, குளத்தில் வளர்கிற கொட்டிக்கிழங்குச் செடி, கொஞ்சம் பாசி, ஓடையில் பிடித்த அயிரை மீன்கள். உள்ளதைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் தண்ணீர் வெள்ளையாகிவிட்டது. சேற்றுக் கலங்கல் இல்லை, பால் ஊற்றிய வெள்ளை. மீனும் தெரியவில்லை, செடியும் தெரியவில்லை. புது மண் என்றால் அப்படித்தான், தானாகத் தெளியும் என்று துரைசாணி புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். தெளியவும் செய்தது. தெளிந்த பிறகு மண்ணுக்குள்ளிருந்து குமிழி வரத் தொடங்கியது. ஒன்று வரும், மேலே போய் உடையும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடி ஒன்று வரும். அதற்கும் புத்தகத்தில் காரணம் இருந்தது. அந்தப் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

போத்தலை வைத்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் பால் கொடுப்பேன். குழந்தை குடித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று மார்பை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பும். நானும் திரும்பிப் பார்த்தால் ஒரு குமிழி மேலே போய்க்கொண்டிருக்கும். சத்தமில்லாத குமிழி அதற்கு எப்படித் தெரிந்தது? ஒரு நாள் முக்காலியைத் திருப்பிப் போட்டு, குழந்தையின் முதுகு போத்தல் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தேன். அப்போதும் மார்பை விட்டது. குடிக்காமல், அழாமல், காத்துக்கொண்டிருந்தது. நான் மெல்லத் திரும்பினேன். குமிழி வந்துகொண்டிருந்தது. குழந்தையை அணைத்துக்கொண்டு முக்காலியை விட்டு எழுந்துவிட்டேன். துரைசாணியிடம் சொன்னால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

அப்புறம் ஒரு காலையில், மணலுக்கு மேல் ஊசி முனை அளவுக்குப் பச்சையாக ஏதோ தெரிந்தது. நாங்கள் நட்ட செடி இல்லை. இரண்டு மூன்று நாளில் விரல் நீளம் வளர்ந்தது. துரைசாணி தன் அரைத் தமிழில் அது களை என்றாள், பிடுங்கிப் போடச் சொன்னாள். போத்தலுக்குள் கையை விட்டு அதன் தண்டைப் பிடித்தேன். மணல் சரிந்தது. வேரின் அடியில் உமி ஒட்டிக்கொண்டிருந்தது. நெல். அதைச் சுற்றி ஊதிப்போன கொள்ளு, தோல் கழன்ற உளுந்து, கொஞ்சம் எள். தண்ணீருக்கடியில் மற்றதெல்லாம் அழுகிவிடும், நெல் மட்டும் முளைக்கும்.

இப்படி எல்லாத் தானியத்தையும் சேர்த்து யாரும் ஓடைக்கரையில் விதைப்பதில்லை.

நான் கையை வெளியே எடுத்தேன். பிடுங்கினால் சேறு கலங்கிவிடும் என்று சொன்னேன். அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. என் மகனைப் புதைத்த மண்ணை இந்தக் கையாலேயே அமுக்கியிருக்கிறேன் என்பதை எந்தத் தமிழில் அவளிடம் சொல்ல முடியும்?

தோட்டக்காரரிடம் போய் மண் எங்கே எடுத்தது என்று கேட்டேன்.

“ஓடைக்கு மேலாப்ல ஒரு காட்டு வாழ நிக்கிதுல்ல, அதுக்கடியிலதாம்மா. ஏற்கெனவே கொத்துன மாதிரி பொலபொலன்னு இருந்துச்சு. பன்னி கெளறியிருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

ஆழமாக வெட்டினாரா என்று கேட்டேன். மேல் மண்ணைத்தான் வாரினேன் என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அடையாளம் வைக்காமல் வந்தது நம் ஆட்கள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை முடிந்து வந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார். காட்டு வாழைக்கு அடியிலா என்று கேட்டேன். அவர் கை அப்படியே நின்றது. யார் சொன்னது என்று கேட்கக்கூட இல்லை.

“எடம் தெரிஞ்சா நீ அங்கேயே போயி உக்காந்துருவ. அதுக்குத்தான் சொல்லாம வைக்கிறது” என்றார்.

போத்தலைப் பற்றிச் சொன்னேன். குமிழி, குழந்தை, நெல், ஒன்று விடாமல். சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நீ அங்கே போகாதே, அந்த மண் கைக்கு வந்தால் நானே திருப்பிக் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றார். அவர் எனக்குக் கொடுத்த வாக்கிலேயே பெரியது அதுதான்.

அதற்குப் பிறகு மழை பிடித்தது. காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன ஆட்களைக்கூடத் திருப்பி அனுப்பினார்கள். லுணுகலை ரோட்டில் மண் சரிந்து தப்பாலில் கடிதம்கூட வரவில்லை. பங்களாவுக்குள் இருந்தாலே ஓடை இரைவது கேட்டது. ஜன்னல் முழுக்கப் பனிமூட்டம். வெள்ளை மூட்டத்துக்கு முன்னால் அந்தப் போத்தலும் அதற்குள் நெல்லும்தான் கண்ணுக்குத் தெரியும். இப்போது குமிழிகள் அடிக்கடி வந்தன. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குமிழி வரச் சுணங்கினால் மனசு பதறியது.

மழை விட்டதும் துரைசாணி ஒரு காரியம் சொன்னாள். லுணுகலைப் பக்கத்து இன்னொரு துரைசாணிக்கு இந்தப் போத்தலைப் பரிசாக அனுப்பப்போகிறாளாம். மறுநாள் ஆள் வந்து தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவானாம். என் மகனைத் தலையில் தூக்கிக்கொண்டு போவான் என்றுதான் என் காதில் விழுந்தது.

மத்தியானம் அவள் படுத்திருந்த நேரத்தில் காலியாகக் கிடந்த இரண்டாவது போத்தலை எடுத்தேன். ரோஜாப் பாத்திக்குப் பின்னாலிருந்து மண் அள்ளிப் போட்டு, மணல் பரப்பி, பழைய போத்தலின் செடிகளையும் மீன்களையும் மாற்றினேன். தண்ணீரையும் அதே தண்ணீராக மொண்டு ஊற்றினேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பழைய போத்தலின் அடியில் இருந்த மண்ணையும் மணலையும், ஒட்டியிருந்த நெல்லோடு, ஒரு பிடி சிந்தாமல் வாளியில் வழித்துவிட்டு, போத்தலைக் கழுவி வைத்தேன். ஜன்னலில் வைத்த புதுப் போத்தலிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. குழந்தை அன்றைக்கு ஒருமுறையும் மார்பை விடாமல் வயிறு நிறையக் குடித்தது.

வெயில் இறங்குமுன் வாளியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினார். நான் லயத்தில் எங்கள் காம்பரா அறை வாசலில் நின்றேன். போகாதே என்று அவர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. இனி அவன் நிம்மதியாகக் கிடப்பான், நானும் பிழைத்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

அவர் திரும்பி வரும்போது முழங்கால் வரைக்கும் சேறு. வாளி போனபடியே நிரம்பியிருந்தது. நெல் நாற்று அதில் நேராக நின்றது.

“வாழ இல்ல. கரையே இல்ல. மொத்தமும் தண்ணி கொண்டு போயிருச்சு. எது எடம்னு எனக்கே தெரியல” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை போன அன்றைக்கு அழாதவர் அழுதுகொண்டிருந்தார். வாளியைத் தரையில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

“இத எங்க வைக்கிறது?”