பிறந்ததும் அழுதானா?

அண்ணனும் நானும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக் கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசிக்கொண்டே வருவான். முன்பின் தெரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். கடைசி வருடத்தில் அந்தப் பேச்சு குறைந்தது. ஒருநாள் கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும் சட்டென்று இறங்கி நடந்தான். பின்னாலேயே ஓடினேன்.

"எல்லாரும் என்னைப் பத்தியே பேசிக்கினு வர்றாங்க. உனக்குக் கேக்கலயா?" என்றான்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பேய் பிடித்திருக்குமோ என்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு மூன்று அமாவாசை போனோம். அதன் பிறகுதான் விழுப்புரத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். அவர் அண்ணனிடம் பேசிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "பையன் வயித்துல இருந்தப்ப உங்களுக்குக் காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா? பிறந்ததும் அழுதானா?"

அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அஞ்சாம் மாசம் நெருப்பா காய்ச்சலுங்க. நெலத்துல மல்லாட்டை புடுங்கற நேரம், அதோடயே கொல்லிக்குப் போய்க்கினு இருந்தேன். பொறந்ததும் அழுவல. நீலமா கெடந்தான். நான்தான் அவனைக் கெடுத்துட்டனா?"

"இல்லம்மா. இதெல்லாம் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவுதான். அப்படிப் பிறந்தவங்கள்ல பெரும்பாலானவங்க நல்லாத்தான் இருக்காங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அம்மா தலையாட்டினாள்; நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னாள்: "உன்னைச் சுமந்தப்ப ஒரு தும்மல்கூட வரலடி."



பல வருடம் கழித்து, கல்யாணமாகி விழுப்புரத்தில் இருந்தபோது நான் உண்டானேன். லேசாக உடம்பு சுடுகிறது என்று போனில் சொன்னதுதான், அடுத்த பஸ்ஸில் அம்மா வந்து நின்றாள். "ஜல்தி கெளம்பு, டாக்டரைப் பாத்துட்டு வந்துரலாம்." சாதாரணக் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொன்ன பிறகும் மூன்று நாள் என்னை எழவிடவில்லை. கஞ்சி ஊட்டும்போது அவள் கண் என் வயிற்றிலேயே இருந்தது.

மாத்திரையில் அண்ணன் தேறியிருந்தான். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. என் மகள் பிறந்ததும் இஸ்திரி போட்ட சட்டையோடு பார்க்க வந்தான். குழந்தையைக் கவனமாக வாங்கிக்கொண்டான். பழைய அண்ணனாக இருந்தால் "ஐயோ, உன் மூக்கு வந்துடுச்சே, பாவம்" என்றிருப்பான். அப்படி ஏதாவது சொல்ல மாட்டானா என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்குது," என்றான்.

"கொஞ்ச நேரம் இருண்ணா," என்றேன்.

இருந்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல், சாயங்காலம்வரை.