ஆப்பிள் தோட்டத்துக்குப் போன ஏழு பொட்டலங்கள்

பர்மாவில், அலோன் துறைமுகத்தை ஒட்டிய மரவீட்டில் துணி தைத்துத்தான் ஏஞ்சலா தம்பி ஜெரால்டைப் படிக்க வைத்தாள். எண்பத்தெட்டு மாணவர் கிளர்ச்சியில் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். படிப்பு பாதியில் நின்றது. லத்தா கடைவீதியில் ஓர் உரக்கடையில் சேர்ந்தான். ஆனாலும் சமையலறை மூலையில் தவிட்டுக் கூழில் புழுவைக் கொல்லும் பாக்டீரியா வளர்த்து, நிழலில் உலர்த்திப் பொடியாக்கினான்.

"சோறு பொங்குற இடத்துல என்னடா நாத்தம்?"

"மனுஷனை ஒண்ணும் பண்ணாதுக்கா. தின்ன புழு மட்டும் வாய்கட்டிச் சாகும்."

"அப்போ உனக்கும் ஒரு கரண்டி போடுறேன். வாயாவது கட்டட்டும்."

சின் மலையில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த ஊ லியன் கடைக்கு வந்து போகிறவர். புழுவுக்கு அடித்த விஷமருந்தில் அவருடைய தேனீக்கள் செத்துப்போயின. ஜெரால்டின் பொடியை ஒரே ஒரு முறை போட்டுப் பார்ப்பதாகவும், அதற்கும் புழு அடங்காவிட்டால் மரங்களை வெட்டிவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

அவருக்குப் போகும் ஏழு பொட்டலங்களுக்கும் சீட்டு எழுதும் வேலை ஏஞ்சலாவுடையது. தமிழ்ப் பள்ளியில் நான்காவது படித்தவள். பர்மியம் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. தம்பி பர்மியத்தில் எழுதியதைப் பார்த்து, ஒரு வட்டமும் கோணாமல் வரைந்தாள். மசி பரவிய ஒன்றை ஒதுக்கிவிட்டு மறுபடி வரைந்தாள்.

"அச்சுப் போட்ட மாதிரி இருக்குக்கா."

அது மழைக்காலம். பொடியில் ஈரம் தட்டியது போலிருந்தது அவளுக்கு. நல்லவேளையாக மூன்று நாள் வெயில் அடித்தது. ஜெரால்ட் கடைக்குப் போன பிறகு, மாவு காயவைப்பதுபோல் வெள்ளைத் துணியில் பரப்பி, காக்கை அண்டாமல் காவலிருந்து, பழையபடி கட்டி வைத்தாள். தம்பிக்குச் செய்வதைச் சொல்லிக் காட்டுவது அவளுக்குப் பழக்கமில்லை.

பொட்டலங்களோடு மலைக்குப் போன ஜெரால்ட் ஒரு மாதம் கழித்துத் திரும்பி, சோற்றுக்கு உட்கார்ந்தான்.

"புழு சாகலக்கா. மரத்தை வெட்டிட்டாரு."

"ஈரம் பட்டிருக்குமோ? நான்தான் மூணு நாள் நல்ல வெயில்ல காயவச்சேனே!"

ஜெரால்டின் கை சோற்றில் நின்றது.

"மலைக் குளிர் ஒத்துக்கலக்கா," என்றான். மறுநாள் கூழ்ப்பானையைக் கழுவிக் கவிழ்த்தான். அப்புறம் அதைத் தொடவேயில்லை.

மூன்று வருடம் கழித்து, ரவிக்கை தைக்க வந்த கீழ்வீட்டு நூர் பீவி பொத்தான் டப்பாவைத் திறந்தாள். அடியில் அந்த மசி பரவிய சீட்டு. பர்மியம் படித்த அவள் அதைத் தமிழில் வாசித்தாள்.

"'வெயில் பட்டால் மருந்து கெடும். நிழலில் வைக்கவும்.' ஏங்க்கா, பொத்தானுக்கு எதுக்கு இந்தச் சீட்டு?"

மாலையில் ஜெரால்ட் உடம்பெல்லாம் விஷமருந்து வாடையோடு வந்தான். ஏஞ்சலா தட்டை வைத்துச் சோறு போட்டாள். எதையும் கேட்கவில்லை. கேட்டால், அவளுக்காக இன்னொரு பொய் சொல்வான்.