நான் உட்கார்ந்தால் மட்டும் கொதித்த வண்டி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். வயது எழுபத்திரண்டு. தையல் கம்பெனியில் இருபது வருஷம் இரண்டாம் ஷிப்ட் முடித்துவிட்டு, ஆவடியிலிருந்து கோவில்பதாகைக்கு ஏரிக்கரையோரமாகத் தனியாக நடந்து வந்தவள். வழியில் நாய்க்குப் பயந்திருக்கிறேன், வேறு எதற்கும் பயந்ததில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். படிக்கிறவர்கள் சிரித்தால் சிரியுங்கள், நடந்தது நடந்ததுதான்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. ஒரு காலத்தில் டாக்சி, இப்போது வீட்டு வண்டி. நான் அவருக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் பெயர் மல்லிகா. அந்த வண்டி அவள் இருந்தபோது வாங்கியது, அவள் மஞ்சள் காமாலையில் போன பிறகுதான் நான் வந்தேன். என்றைக்கோ ஒரு நாள் பேச்சுவாக்கில், "மல்லிகா பக்கத்துல குந்திகினு சூட்டு ஊசியவே பாத்துகினு வருவா. ஒரு நாளு வண்டி கொதிச்சதில்ல" என்றார். சூட்டு ஊசி என்றால் இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள். சொன்னவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் சோறாக்கிப் போட்டவள் நான், ஊசி பார்த்தவளுக்குப் பெயரா என்று உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. டாக்சியாக ஓடியவரை எனக்கு அதில் வேலை இல்லை, அப்புறம் பிள்ளைகள் முன்னால் ஏறிக்கொள்வார்கள். அந்த முன்சீட்டில் நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

இரண்டு வருஷம் முன்பு மல்லிகாவின் தம்பி மகளுக்குப் பூந்தமல்லியில் கல்யாணம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம். அவள் சனம் மொத்தமும் மண்டப வாசலில் நிற்கும், அவர்கள் கண்ணெதிரே முன்கதவைத் திறந்து அவர் பக்கத்திலிருந்து நான் இறங்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு முன்னால் ஏறினேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆவடி தாண்டுவதற்குள் ஊசி ஏற ஆரம்பித்தது. நானும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் பார்த்தால் அடங்குமாம், நான் பார்க்கப் பார்க்க ஏறியது. பருத்திப்பட்டில் பானெட்டிலிருந்து புகையாக ஆவி வந்துவிட்டது. நல்ல வேளை, அங்கேதான் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் காஜா பாய் கடை.

பாய் பொறுமைசாலி. சூடு ஆறும்வரை காத்திருந்து, துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் முக்கால்வாசி இருந்தது, ஒழுகல் இல்லை. நிரப்பினார். ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், முறுக்காக இருந்தது. சூடானால் தண்ணீருக்கு வழி திறந்துவிடுமாம் தெர்மோஸ்டாட், அதைக் கழற்றி எதிர் டீக்கடையில் கொதிக்கிற தண்ணீரில் போட்டார், அது ஒழுங்காக வாய் திறந்தது. எல்லாம் மாட்டி, இஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். ஒரு குமிழி இல்லை.

"ஹெட் கேஸ்கட்டும் நல்லாத்தான் கீது அண்ணாத்தே. வா, ஒரு ரவுண்டு போவோம்."

இரண்டு பேரும் போய்விட்டு வந்தார்கள். ஊசி பாதியிலேயே நின்றதாம். நான் முன்னால் ஏறினேன். பாய் பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஒரு மைல் போகவில்லை, மறுபடி ஆவி. ஊசி பொய் சொல்கிறதோ என்று ரேடியேட்டர் மேல் தண்ணீரைச் சுண்டினார், சுர்ரென்று பொரிந்தது. ஆறவிட்டுத் திரும்பினோம். என்னை இறக்கிவிட்டு, பாரம்தான் காரணமோ என்று முன்சீட்டில் சிமென்ட் மூட்டையை வைத்து ஓட்டினார். ஒன்றும் இல்லை. மூட்டையை இறக்கி என்னை ஏற்றினார். கொதித்தது.

நம்பினால் நம்புங்கள், மூன்று தடவை.

பாய் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அண்ணி, கோச்சுக்காத. நீ குந்துனா கொதிக்குது, எந்திரிச்சா அடங்குது. நானும் எத்தினியோ வண்டி பாத்துட்டேன், இப்டி ஒரு கேஸ் பாத்ததில்ல."

"நான் இன்னா அடுப்பா பாய்?"

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "பின்னால குந்து சரோஜா. முகூர்த்தம் பூடும்."

"ஏன், முன்னால யாராவது வராங்களா?"

அவர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஏறினேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு வண்டி புது வண்டி மாதிரி ஓடியது. ஊசி பாதியைத் தாண்டவில்லை. செந்நீர்க்குப்பம் தாண்டும்போது அவர் தலையை லேசாக இடது பக்கம் சாய்த்தார். ரொம்பவும் இதமாக, நான் கேட்டே இராத ஒரு குரலில் சொன்னார்: "சாப்டேன், சாப்டேன். காலைலியே இட்லி சுட்டுப் போட்டா. நீ சும்மா வா."

அவரிடம் நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவருடைய போன் என் பையில் இருந்தது. முன்சீட்டில் யாரும் இல்லை.

மண்டபத்தில் பின்கதவு வழியாக இறங்கினேன். யார் பார்த்தார்கள், பார்க்கவில்லை என்று கவனிக்கத் தோன்றவில்லை. பந்தியில் அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பொங்கலை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார், மூன்றாவது தடவையும் கேட்டார். பின்னே, பசிக்காதா? பட்டுக்கு மடிப்பு வைக்கிற அவசரத்தில் அன்று காலை நான் அடுப்பையே பற்ற வைக்கவில்லை. ஒரு வாய் காப்பிகூட அவருக்குக் கொடுக்கவில்லை. நான் இட்லி சுட்டுப் போட்டதாக எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். என்னை அவளிடம் விட்டுக்கொடுக்கவில்லை என்று சந்தோஷப்படுவதா, அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாரே என்று வயிறெரிவதா, இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "நான் எங்க பேசுனேன்? உனுக்குக் காது மந்தமாவுது" என்றார், அவ்வளவுதான். காஜா பாயும் இன்றுவரை வண்டியில் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போதெல்லாம் அவர் சாவியை எடுத்தாலே நான் முந்திக்கொண்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிடுகிறேன். அவள் கேட்பதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். "ம்" என்கிறார். அந்த இதமான குரல் மட்டும் எனக்குக் கிடைப்பதில்லை.