கலியமூர்த்தி மாற்றாத முடிவு

வடலூரில் பஸ் மாறிக்கொண்டிருந்தபோது கலியமூர்த்தியின் மனைவி போன் செய்தார். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. காலைல டீ கேட்டாரு, போட்டு எடுத்தாறதுக்குள்ள..."  சிதம்பரம் போக வேண்டியவன் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். உங்களுக்கெல்லாம் கலியமூர்த்தி சினிமா இயக்குநர். எனக்கு அவன் நண்பன், மச்சான். ‘அவன்’ என்றே எழுதிவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

நாங்கள் சேர்ந்து செய்த அந்த மர்மப் படத்தை இன்றும் யாராவது பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதன் திரைக்கதை என்னுடையது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. சிதம்பரம் கீழவீதியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து எழுதினோம். நான் கீரப்பாளையத்து வயக்காட்டுக்காரன். கொலை செய்தவன் பிணத்தைக் கடலில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவதாக எழுதியிருந்தேன். கடலூர் மீனவர் குப்பத்தில் பிறந்த அவன் அதைப் படித்துவிட்டுக் கட்டிலில் உருண்டு சிரித்தான்.

"கடல் எதையும் வச்சிக்காது மச்சான். ரெண்டு மூணு நாள்ல கரைக்குத் தள்ளிடும். எங்கூர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்தைக் கிழிக்கப் போனேன். சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "கிழிக்காத. இது தெரியாதவன்தான் கொலகாரன்!" படம் அங்கேதான் பிறந்தது. எல்லாரும் சந்தேகப்படுகிற மீனவன் நிரபராதி. வெளியூரிலிருந்து வந்த அவனுடைய முதலாளிதான் குற்றவாளி.

தயாரிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. மீனவனையே கொலைகாரனாக்கு, இல்லையென்றால் படம் கிடையாது என்றார். கலியமூர்த்திக்கு அது முதல் படம். உதவி இயக்குநராகப் பல வருஷம் அலைந்து கிடைத்தது. "மாத்திடலாம் மச்சான்" என்றேன் நான்.

"எங்கூர்ப் பக்கம் என்னா நடந்தாலும் மொதல்ல எங்க ஆளுங்க மேலதான் பழி வருது. அதையே நானும் படமா எடுக்கவா?" என்றான்.

மறுநாள் தயாரிப்பாளர் வீட்டுக்குப் போனோம். "வீட்டம்மாவக் கூப்புடுங்க சார், கதை சொல்றேன். முடிவுக்கு முன்னாடியே கொலகாரன் யாருன்னு அவுங்க சொல்லிட்டா நான் வெலகிக்கிறேன். வேற ஆள வச்சி எடுத்துக்குங்க." என்று கலியமூர்த்தி பந்தயம் கட்டினான். இரண்டு மணி நேரம் சொல்லி, முடிவுக்கு முன்னால் நிறுத்தி, கொலைகாரன் யார் என்று கேட்டான். அந்த அம்மா சற்றும் யோசிக்காமல் மீனவன் பேரைச் சொன்னார்.

"எங்க ஆளு பொணத்தக் கடல்ல போடமாட்டான்மா. அது திரும்பி வரும்னு அவனுக்குத் தெரியும்."

 அந்த அம்மா கணவரைப் பார்த்து, "நானும் அந்தப் புள்ளயத்தானங்க சந்தேகப்பட்டேன்? பாவங்க. இதையே எடுக்கட்டும்" என்றார்.

பேட்டிகளிலெல்லாம் "அந்த முடிச்சு மச்சான் போட்டது" என்றே சொன்னான். அது என் அறியாமை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன்.

அவன் பாடையைத் தூக்கிய அன்று குப்பத்திலிருந்து ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. "எங்களத் தலை நிமுந்து நடக்க வச்ச புள்ள" என்று ஒரு அம்மா அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, அன்று மாற்றிவிடலாம் என்று சொன்னவன் நான் என்பதும் உறுத்தியது.

காரியம் முடிந்த மறுநாள் வேறொரு தயாரிப்பாளர் போனில் கூப்பிட்டார். என் புதுக் கதையில் வரும் திருடனைக் குப்பத்துப் பையனாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். இத்தனை வருஷத்தில் இந்தச் சொல் என் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. மச்சான் எனக்கு விட்டுப்போனது இதுதான்.